சவுண்ட்வேவ் வந்தது, ரேவேஜ் வரவில்லை

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோவில்பட்டி.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழிப் பொம்மை விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: சவுண்ட்வேவ் பெட்டியில் ரேவேஜ் இல்லாததும், அதற்குத் தங்கள் நிறுவனம் தந்த பதிலும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் 7ஆம் தேதி 8,499 ரூபாய் செலுத்தி, உங்களிடம் சவுண்ட்வேவ் என்னும், கேசட் ரெக்கார்டராக உருமாறும் ரோபோ பொம்மையை வாங்கினேன். பழைய வடிவத்தின் மறுவெளியீடு என்றும், சவுண்ட்வேவ், அதன் மார்புக்குள் கேசட்டாக அடங்கும் லேசர்பீக், ரேவேஜ் மூன்றும் பெட்டியில் அடக்கம் என்றும் விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். 14ஆம் தேதி பெட்டி வந்தது. ரேவேஜ் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. அதன் இடுப்பில் பொருத்தும் பளபளப்பான இரண்டு ஆயுதங்கள் மட்டும் பக்கத்துப் பள்ளத்தில் பத்திரமாக இருந்தன.

தொழிற்சாலையில் விடுபட்டிருக்கலாம் என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். பெட்டியின் அடிமடிப்பில் ஒட்டுநாடாவின் மேல் இன்னொரு ஒட்டுநாடா ஓடுகிறது. யாரோ திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டிய பெட்டி அது. வேறொருவர் திருப்பி அனுப்பியதைப் பிரித்துப் பார்க்காமலே எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பிரித்தபோது எடுத்த காணொளியை அன்றே அனுப்பிவிட்டேன்.

இதற்கு எழுத்தில் வந்த பதில்: "முதன்மைப் பொருள் நல்ல நிலையில் உள்ளது. துணைப்பொருள் குறைந்ததற்காகப் பணம் திருப்பித் தர இயலாது. அடுத்த கொள்முதலுக்கு 10 சதவீதத் தள்ளுபடி வழங்குகிறோம்."

துணைப்பொருள் என்ற இந்தச் சொல்லைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஜப்பானின் டகாரா நிறுவனம் 1983இல் மைக்ரோமேன் வரிசையில் இந்தப் பொம்மையை வெளியிட்டது. வீட்டில் புழங்கும் சாமான் ஒன்று உண்மை அளவிலேயே ரோபோவாக மாற வேண்டும் என்பதுதான் அங்கே யோசனை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் அதை வாங்கி டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோ வரிசையில் சேர்த்தது. பெயர்களும் குணங்களும் அப்போதுதான் வந்தன. மார்வெல் காமிக்ஸின் பாப் புடியான்ஸ்கி இந்தப் பாத்திரங்கள் பலவற்றுக்கும் பெயர் சூட்டி, குணக்குறிப்பு எழுதினார். அவர் எழுத்தில் ரேவேஜ் கேசட்டாக மடிந்து கிடக்கும் ஒரு கருஞ்சிறுத்தை. ஓசையில்லாமல் உள்ளே புகுந்து நாசவேலை செய்வது. சவுண்ட்வேவ் எல்லாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்டு, வில்லன் கூட்டத்தின் தலைவன் மெகாட்ரானிடம் சேர்ப்பவன். கார்ட்டூனில் ஃபிராங்க் வெல்கரின் குரலை வோகோடர் என்ற, குரலை இயந்திரத் தொனியாக்கும் கருவி வழியே செலுத்தி, அவனை ஏற்ற இறக்கமே இல்லாமல் பேச வைத்தார்கள். தோளில் உள்ள பொத்தானை அழுத்துவான், மார்புக் கதவு திறக்கும், கேசட் காற்றில் சுழன்று விரிந்து நான்கு காலில் இறங்கும். அவனை அவனாக்குவது அந்தக் கதவிலிருந்து வெளியே வருபவர்கள்தான். அவர்களைத் துணைப்பொருள் என்பது, கூண்டு முழுதாக இருக்கிறது, கிளிதான் இல்லை என்று சொல்வது போன்றது.

இதை யாருக்காக வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் தந்தை இந்த ஊரில் 1982 முதல் 2001 வரை ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பாடல் பாதியில் அறுந்துபோகாமல் ஏ பக்கத்தையும் பி பக்கத்தையும் அவர் கணக்குப் போட்டு நிரப்புவார். 1986இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா சவுண்ட்வேவைத் தனிப் பெட்டியாகவும், ரம்பிள் என்ற இன்னொரு கேசட் ரோபோவும் ரேவேஜும் சேர்ந்த ஜோடியைத் தனியாகவும் வாங்கி வந்தார். அந்த நாளில் சவுண்ட்வேவ் பெட்டிக்குள் வந்தது பஸ்ஸா என்ற பறவை. ரேவேஜ் வேண்டுமென்றால் அந்த ஜோடியை வாங்க வேண்டும்.

எனக்காக வந்த பொம்மை சில நாளில் அப்பாவின் மேசைக்குப் போய்விட்டது. துப்பாக்கியும் ஏவுகணைக் குழலும் பேட்டரி வடிவில் முதுகுப் பெட்டிக்குள் அடங்குவதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். பின்னட்டையில் மறைவாக அச்சிட்டிருந்த, அந்த ரோபோவின் பலக்கணக்கைச் சிவப்புக் கண்ணாடித் தாள் வைத்துப் படித்துக் காட்டுவார். ரேவேஜை மட்டும் நிஜக் கேசட்டுகளுக்கு நடுவே அலமாரியில் செருகி வைத்திருப்பார். கண்டுபிடித்துக் கொடுக்கும் சிறுவனுக்குக் கடலைமிட்டாய். கடையை மூடிய ஆண்டில் சாமான்களோடு சாமானாக எல்லாம் எங்கோ போய்விட்டன. சென்ற மாதம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் தேடியது அந்தக் கறுப்புக் கேசட்டைத்தான்.

இரண்டாவது தொலைபேசி அழைப்பில், வேண்டுமானால் ரம்பிளை மாற்றாக அனுப்புகிறோம் என்றீர்கள். ரம்பிள் மனித உருவம் கொண்ட வேறொரு பாத்திரம். உங்கள் படத்தில் சிவப்பு நிறத்தில் இருப்பதை ரம்பிள் என்று குறித்திருக்கிறீர்கள்; பொம்மைப் பெட்டிகளின்படி சிவப்பு நிறத்தில் இருப்பது அதன் ஜோடியான ஃபிரென்ஸி, ரம்பிள் நீலம். கார்ட்டூனில் நிறங்கள் இடம் மாறியதால் ரசிகர்களே இன்றுவரை சண்டை போடும் விஷயம் இது, அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "சாதாரண ஆடியோ கேசட் அளவு" என்று விளம்பரத்தில் இருப்பது தவறு. இந்தக் கேசட் ரோபோக்கள், ஒலிம்பஸ் 1969இல் கொண்டுவந்த, சாதாரணக் கேசட்டைவிடச் சிறிய மைக்ரோகேசட்டின் அளவில் செய்யப்பட்டவை. என் தந்தை அன்றே இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்கிறார். திருத்திவிடுங்கள்.

நான் கேட்பது இதுதான். அதே மறுவெளியீட்டைச் சேர்ந்த ரேவேஜை அனுப்புங்கள். இயலாவிட்டால் முழுப் பெட்டியையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 8,499 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். தள்ளுபடிக் கூப்பன் எனக்கு வேண்டாம். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. முதல் புகாரைத் தந்து 19 நாட்கள் ஆகின்றன. மாதம் முடிந்தும் தீர்வு வராவிட்டால், நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

ரசீது நகல், இரட்டை ஒட்டுநாடாவின் படம், காலிப் பள்ளத்தின் படம், காணொளி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். ரேவேஜின் இரண்டு ஆயுதங்களும் என்னிடம் பத்திரமாக உள்ளன. ரேவேஜை மட்டும் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்