ஈரச் சேலைக்கு அஞ்சடியில இடம் கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். என் சேலைத்துணிக் கண்காட்சி ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிச்சு, நேத்துதான் கடைசித் துணியையும் இறக்கி மடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன், அதான் லேட்டு, யாரும் கோவிச்சுக்காதீங்க.

வராதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீட்டுச் சுவத்துல ஆலங்கன்னு முளைச்சு நிக்கும் பாத்திருப்பீங்க, குருவி பழத்தத் தின்னுட்டு எச்சம் போட்டுட்டுப் போயிடும், அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுல தங்குற ஈரமே அதுக்குப் போதும், வேரு செங்கல்லுக்கு நடுவுல பூந்துடும், அப்புறம் சுவத்தத் தாங்கிப் புடிக்கிறது செங்கல்லா வேரான்னே தெரியாது. 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஊரு ஏறினதுக்கப்புறம் நிறைய வீட்டை ரிப்பேர் பண்ணி பெயின்ட் அடிச்சிட்டாங்க, நல்லதுதான், ஆனா எனக்கு என்னமோ வேர் புடிச்ச சுவருதான் கண்ணுலயே நிக்குது. நாலு வருசமா பேனாவுல அதத்தான் வரைஞ்சேன். பேப்பர் பத்தல. அதான் பழைய பருத்திச் சேலையக் கிழிச்சு விழுதாட்டம் தொங்கவிட்டேன். துணியில என்ன ஓவியம்னு சில பேரு கேட்டீங்க, மெழுகும் சாயமும் வெச்சு பத்தேக் துணி வேலையையே ஓவியமா மாத்திக் காட்டின சுவா தியான் தெங் இதே பினாங்குல இருந்தவருதான், அதுக்கு மேல நான் என்ன சொல்ல.

சேலை குடுத்த ஆன்ட்டிமாருக்கு முதல் நன்றி. தண்ணிமலைப் பக்கம், பட்டர்வொர்த், எங்கெங்கிருந்தோ 61 சேலை வந்துச்சு. ஒரு ஆன்ட்டி 'முந்தானையில மஞ்சக்கறை இருக்கு, துவைச்சும் போகல, பரவால்லயாம்மா'ன்னு தயங்கித் தயங்கிக் குடுத்தாங்க. பரவால்லயாவா! அதத்தான் நட்ட நடுவுல தொங்கவிட்டேன்.

கடலோரம் கூட்டுற அக்கா கெத்தாப்பாங் இலைய, அதான் நாட்டு வாதுமை இலைய, குப்பையில போடாம எனக்காக சாக்குல கட்டி வெச்சாங்க. அத வேகவெச்சு துணிய ஊறப்போட்டா வெளிறின தேத்தண்ணிக் கலருல வரும், துருப்புடிச்ச ஆணி ஊறின தண்ணியில அதையே முக்கினா கண்ணு முன்னாடியே சாம்பலாயிடும், இலையோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்துக்கிறதால. மழையில நனைஞ்ச பழைய சுவரு இருக்கே, அதே கலரு.

இப்ப அந்த புதன்கிழமை. வெள்ளிக்கிழமை திறப்பு, புதன் ராத்திரி மழை, கூரை ஒழுகி 18 துணி சொதசொதன்னு நனைஞ்சு, கனம் தாங்காம தூண்டில் நரம்பு அறுந்து எல்லாம் தரையில கெடக்கு. இடத்துக்காரங்களக் குத்தம் சொல்லல, சொல்லி மட்டும் என்ன ஆகப்போவுது. அழுதுக்கிட்டே கார்ல அள்ளிப் போட்டுக்கிட்டு பினாங் ஸ்திரீட் தையல்கடை மாமாகிட்ட போனேன். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்குது அவருக்கு. ஒரு கேள்வி கேக்கல, மெஷின உள்ள தள்ளிட்டு கடை முன்னாடி சனம் நடக்குற அஞ்சடி வராந்தாவுல தூணுக்குத் தூணு கயிறு கட்டிட்டாரு, பக்கத்துப் பூக்கடை அக்கா மாலையெல்லாம் ஒதுக்கி இடம் விட்டாங்க, சாமான் வாங்க வந்த சனம் பூரா ஒரு நாள் முழுக்க குனிஞ்சு குனிஞ்சு போச்சு. ராத்திரி 11 மணி வரைக்கும் ஒவ்வொரு துணிக்கும் மேல் விளிம்ப ரெட்டைத் தையல் போட்டுக் குடுத்தாரு. காசு நீட்டினா 'நீ என்னைக்கு ஒழுங்கா ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்க, போம்மா'ங்கறாரு. மாமா, தீபாவளிக்கு ரெண்டு தைக்கிறேன், சத்தியமா.

கடல்மேல வீடு கட்டியிருக்கிற சூ ஜெட்டி அங்கிளுக்கு இத யாராச்சும் வாசிச்சுச் சொல்லுங்க, கம்சியா, அவரு பாஷையில நன்றி. துணியத் தொங்கவிட படகு கட்டுற முடிச்ச அவரு ஹொக்கியன் சீனத்துல சொல்ல நான் மலாய்ல கேக்க, கடைசியில என் விரலப் புடிச்சே போட வெச்சாரு. நேத்து இறக்குற வரைக்கும் ஒண்ணுகூட நழுவல.

தமிழ்ப்பள்ளிப் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்த டீச்சருக்கும் நன்றி. அதுல ஒரு பையன் அண்ணாந்து பாத்துட்டு 'ஆன்ட்டி, இது துணி காயப்போடுற கொடியா, மரத்துல ஏறுற கொடியா?'ன்னான். ரெண்டு மாசமா பேரு தேடிக்கிட்டிருந்தேன், அன்னைக்கு சாயங்காலமே பழைய போர்டக் கழட்டிட்டு 'கொடி'ன்னு எழுதி மாட்டிட்டேன்.

சேலை குடுத்தவங்க வேணும்னா உங்க துண்ட வந்து வாங்கிக்கலாம், ஓரத்துல நம்பர் தைச்சிருக்கேன். அப்புறம், திறப்பு அன்னைக்கு சேமியா கேசரி அனுப்பினது யாருன்னு இன்னும் தெரியல, பச்சை மூடி டப்பா என்கிட்டதான் இருக்கு.