எங்கட ஊர்ப் பேரில ஒரு கப்பல்: ஓடாவிச் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

போன சனிக்கிழமை நீங்கள் வட்ஸ்அப்பில எடுக்கேக்க நான் 'ட்ரிங்கோமலி' எண்ட பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின்ர அடி வயித்துக்குள்ள நிண்டனான், சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது. "மரம் என்னது, ஏரா எப்பிடிக் கிடக்கு, கலப்பத்து ஆர் அடிக்கிறது" எண்ட மூண்டும் மட்டும்தான் வடிவாக் கேட்டுது, பிறகு கட்டாகிட்டுது. சித்திக்கு குளிர் எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டுதான் கவலை, உங்களுக்கு மட்டும்தான் கலப்பத்துக் கவலை. சரி, ஆறுதலா எழுதுறன், ட்ரிங்கோ, அதுதான் எங்கட திருகோணமலை, ஆக்கள் வேற ஆரும் வாசிச்சாலும் பரவாயில்லை எண்டுதான் பொதுவில எழுதுறன். அவைக்காக: ஓடாவி எண்டா வள்ளம் கட்டுறவர், ஏரா எண்டா அடியில போடுற முதுகெலும்பு மரம், கலப்பத்து எண்டா பலகை இடுக்கில பஞ்சு திணிச்சுத் தண்ணி வராமல் அடைக்கிறது.

உண்மையா இது நீங்களும் நானும் சேந்து பாக்கவேண்டிய கப்பல். போன வருசம் விசாவுக்கு காணி உறுதி, பாங்க் புத்தகம், கலியாண சேட்டிபிக்கட் எல்லாம் கட்டுக்கட்டாக் குடுத்தும் ரெண்டு பந்தியில ஏலாது எண்டு அனுப்பிட்டினம், நீங்கள் திரும்பிப் போகமாட்டீங்களாம். சுனாமிக்குப் பிறகு வந்தவன் போனவன் எல்லாம் ஃபைபர் போட் குடுக்க வெளிக்கிட்டு, வேலை இல்லாமல் போயும் திருக்கடலூர்க் கரையை விட்டு அசையாத மனுசன் இஞ்ச வந்து ஒளிச்சிருக்கப் போறாராம்! விடுங்கோ. கதைச்சா எனக்குப் பிரஷர் ஏறும்.

இடம் ஹார்ட்லிபூல். நியூகாசிலில இருந்து கோச்சியில கடற்கரை ஓரமாவே வரலாம், சண்டர்லாண்ட் தாண்டினாப் பிறகு ஜன்னலுக்கு வெளியில முழுக்கக் கடல்தான், ஆனா எங்கட கடல் மாதிரி நீலம் இல்லை, தேத்தண்ணிக்குப் பால் கூடிப்போன மாதிரி ஒரு நிறம். ஸ்டேஷனில இறங்கி நடக்கேக்கயே மூண்டு பாய்மரமும் தெரியும். நான் முதல்ல போனது பின்பக்கம், அமரத்துக்கு. தண்ணிக்கு மேல பெரிய எழுத்தில 'ட்ரிங்கோமலி' எண்டு கிடக்குது. இருபது வருசமா இந்த நாட்டில எங்க பிறந்தனீ எண்டு கேட்டா ஊர்ப் பேரைச் சொல்லி, பிறகு ஸ்ரீலங்கா எண்டு சொல்லி, பிறகு இந்தியாவுக்குக் கீழ எண்டு சொல்லி விளங்கப்படுத்தி அலுத்துப்போன எனக்கு, ஒருத்தரும் கேக்காமலே அது மரத்தில எழுதிக் கிடக்கிறதப் பாக்க என்னவோ செய்துது. ஃபோட்டோ எடுத்தனான், விரல் ஆடி மங்கலாத்தான் வந்திருக்கு.

முன்பக்கம், அணியத்தில, மீசையோட தலைப்பா கட்டின ஒரு ஆளின்ர சிலை வச்சிருக்கு. ஆர் எண்டு தெரியேல்ல, உங்கட மாமனார் பழைய ஃபோட்டோவில இருக்கிறது மாதிரியே இருக்கிறார், சித்திக்குக் காட்டுங்கோ.

முதல் கேள்வி, மரம். தேக்கு சித்தப்பா, சுத்தத் தேக்கு, மலபார்ப் பக்கத்துத் தேக்கு. நெப்போலியனோட இருந்த சண்டையில இங்கிலாந்தில ஓக் மரம் எல்லாம் வெட்டித் தள்ளி முடிஞ்சு போச்சு, விக்டரி எண்டு போர்ட்ஸ்மவுத்தில ஒரு பெரிய கப்பல் நிக்குது, அந்த ஒண்டைக் கட்டவே ஆறாயிரம் மரம் போனதெண்டு சொல்லுவினம். அதால பம்பாய் டொக்யார்டில கட்டச் சொல்லி 1812ல ஓர்டர் குடுத்தவை. அங்க வாடியா எண்டு ஒரு பார்சிக் குடும்பம், 1736ல சூரத்தில இருந்து வந்து பரம்பரை பரம்பரையாக் கப்பல் கட்டின ஆக்கள், எங்கட பாசையில சொன்னா ஓடாவிமார். இதைக் கட்டினது ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. ராணியின்ர கடற்படைக்குக் கப்பல் கட்டுற பெரிய வேலையை வெள்ளைக்காரன் இவரை நம்பித்தான் குடுத்திருக்கிறான் எண்டு எழுத வந்தனான், அப்ப ராணி இல்லை, ராஜாதான், மூண்டாவது ஜோர்ஜ்.

பிளான் வந்த கதைதான் பகிடி. லண்டனில இருந்து ஜாவா எண்ட கப்பலில பிளானை அனுப்பியிருக்கினம், அந்தக் கப்பலை 1812 டிசம்பரில பிரேசில் பக்கத்தில அமெரிக்காவின்ர கொன்ஸ்டிடியூஷன் எண்ட கப்பல் அடிச்சு முடிச்சிட்டுது, பிளானும் அதோட போச்சு. பிறகு வேற பிளான் அனுப்பி, அது வந்து, 1816லதான் வேலை தொடங்கினது. நீங்கள் எண்டா பிளானும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு கண்ணாலயே அளந்து ஏராவைப் போட்டிருப்பீங்கள், தெரியும்.

ஏரா எண்டதும்தான் உங்கட ரெண்டாவது கேள்வி ஞாபகம் வருது. நீங்கள் ஏரா வைக்கிற அண்டு தேங்காய் உடைச்சு, காசு வச்சு, மஞ்சள் துணி கட்டுவீங்கள், சின்னனில நான் அந்தக் காசை எடுக்கப் பாத்து அடி வாங்கினனான். இந்தக் கப்பலின்ர ஏராவில பார்சி முறைப்படி ஒரு வெள்ளி ஆணி அடிச்சவையாம். அதைக் கேட்டதும் எனக்கு உங்கட கைதான் கண்ணுக்கு முன்னால வந்தது. அந்த ஆணி எங்க எண்டு பாக்க ஏலாது, உள்ளுக்க போட்டுது. ஆனா கீழ இறங்கி கப்பலின்ர வங்குகளை, அதுதான் விலா எலும்பு மாதிரி நிக்கிற மரங்களை, பாக்கலாம். ஒவ்வொரு வங்கும் என்ர இடுப்பு மொத்தம், ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு, கை விட இடமில்லாமல் நெருக்கி வச்சிருக்கு. நான் தட்டிப் பாத்தனான். நீங்கள் சொல்லித் தந்த மாதிரி விரல் மொழியால. பச்சைத் தேங்காயைத் தட்டின மாதிரி அடைச்ச சத்தம், உக்கல் சத்தம் எங்கயும் இல்லை. 1817 ஒக்டோபர் 12ம் திகதி தண்ணியில இறக்கின மரம், இப்ப இருநூறு வருசத்துக்கு மேல!

அங்க தொண்டுக்கு நிக்கிற ஒரு வயசு போன மனுசி, கையில கயிறு பின்னிக்கொண்டே கதைக்கிறவ, அவதான் இதைச் சொன்னவ: ஓக்கில அமிலம் இருக்குதாம், இரும்பு ஆணியை அது தின்னுமாம், ஆணி துருப்பிடிச்சா சுத்தியிருக்கிற மரமும் போகுமாம். தேக்கில எண்ணெய் இருக்கிறதால ஆணியும் தப்புது மரமும் தப்புது. உங்களுக்கு இது தெரிஞ்ச விசயம், நான் அண்டைக்குத்தான் படிச்சனான்.

ஆனா மரம் நல்லதா இருந்தது பாதிதான் காரணம். மிச்சப் பாதி, கப்பல் ஒருத்தருக்கும் தேவைப்படேல்ல. நெப்போலியன் தோத்த வாட்டர்லூச் சண்டை முடிஞ்சது 1815ல, கப்பல் கடலில இறங்கினது 1817ல. கலியாணம் முடிஞ்சு பந்தல் கழட்டேக்க மேளக்காரன் வந்த மாதிரி. 1819 ஏப்ரலில போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து சேந்த உடன பாய்மரத்தைக் கழட்டி ஒரு மூலையில கட்டி விட்டினம், அப்பிடியே இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல. வாற வழியில செயின்ட் ஹெலனாவில ஆறு நாள் நிண்டு, அங்க சிறையில இருந்த நெப்போலியனுக்கு வைத்தியம் பாத்த டொக்டர் ஒருத்தரையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கு. ஆரோட சண்டை பிடிக்கக் கட்டினதோ அந்த ஆளின்ர டொக்டருக்கு டாக்ஸி ஓடினதுதான் இதின்ர முதல் வேலை!

1847லதான் திரும்ப வெளிக்கிட்டது, அதுக்குள்ள 38 பீரங்கிக் கப்பலை 26 ஆக்கிக் குறைச்சுப்போட்டினம். மூண்டு வருசம் மேற்கிந்தியத் தீவுப் பக்கம், பிறகு 1852ல இருந்து 1857 வரை பசிபிக். கனடாவில வான்கூவர் பக்கத்துத் தீவுகளுக்கு நடுவில 'ட்ரிங்கோமலி சனல்' எண்டு ஒரு கடல் வழி இப்பவும் மெப்பில இருக்கு, இந்தக் கப்பலின்ர பேரில வச்சது. டொரொண்டோவில இருக்கிற எங்கட ஆக்களுக்குச் சொல்லுங்கோ, ஊர் அங்கயும் இருக்கு எண்டு, அவைக்கு அஞ்சு மணித்தியாலம் பிளேனில போகவேணும், அது வேற கதை.

இனி நீங்கள் கேக்காத ஒரு விசயம். ஏன் இந்தப் பேர்? 1782ல எங்கட ஊரை ஜனவரியில இங்கிலீஸ்காரன் ஒல்லாந்தனிட்ட இருந்து பிடிச்சான், ஓகஸ்ட் கடைசியில சஃப்ரென் எண்ட பிரெஞ்சுக்காரன் வந்து பிடிச்சான், செப்டம்பர் 3ம் திகதி ரெண்டு பேரின்ர கப்பல் கூட்டமும் வெளியில கடலில நிண்டு அடிபட்டினம், ஒருத்தரும் வடிவா வெல்லேல்ல. அதின்ர ஞாபகமாத்தான் பேர். அதே ரெண்டு பேரும் அந்த ரெண்டு வருசத்துக்குள்ள சதுரங்கப்பட்டினம், நாகபட்டினம், கடலூர் எண்டு தமிழ் நாட்டுக் கரை முழுக்கவும் அடிபட்டிருக்கினம். கோட்டைக்குள்ளயும் வெளியிலயும் இருந்த எங்கட சனம் அண்டு மீன் பிடிக்கப் போச்சுதோ, வள்ளத்தை மேல இழுத்துப்போட்டு காட்டுக்குள்ள ஓடிச்சுதோ, அங்க வச்சிருக்கிற விளக்க போர்டில ஒரு வரி இல்லை. நான் அந்தக் கயிறு மனுசியிட்ட இதைக் கேட்டனான். அவ கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு "நல்ல கேள்வி" எண்டா, அவ்வளவுதான், பாவம் அவ என்ன செய்யிறது.

உள்ளுக்குள்ள நான் கன நேரம் நிண்டது மெஸ் டெக்கில, மாலுமிமார் சாப்பிட்டுப் படுக்கிற தட்டில. குனிஞ்சுதான் நடக்கவேணும், ரெண்டு தரம் தலையை இடிச்சனான், ரெண்டாவது தரம் தமிழில ஒரு சொல்லுச் சொன்னதுக்கு ஒரு பிள்ளை திரும்பிப் பாத்துது. 240 பேர் இருந்த கப்பல். ஆளுக்கு ஹாமொக் கட்ட குடுத்த அகலம் 14 இஞ்சி, உங்கட முழங்கையில இருந்து மணிக்கட்டு வரையும் அளந்து, இன்னும் கொஞ்சம் போடுங்கோ, அவ்வளவுதான். பாதிப் பேர் எப்பவும் டெக்கில டியூட்டியில நிக்கிறதால பக்கத்து ஆளின்ர இடமும் கிடைக்கும், அதுதான் ஒரே நிம்மதி. மேல கன் டெக்கில கப்டனுக்கு மட்டும் ஜன்னல் வச்ச வடிவான அறை, மேசை, கதிரை, வெளிச்சம். எங்கயும் அப்பிடித்தானே.

மூண்டாவது கேள்வி, கலப்பத்து. இதுக்குக் கொஞ்சம் சுத்தி வரவேணும், கோவிக்காதேங்கோ.

1860கள், 70களில இந்தக் கப்பல் இதே ஹார்ட்லிபூலில பயிற்சி குடுக்கிற ட்ரில் கப்பலா நிண்டிருக்கு. 1897ல பழசு எண்டு உடைக்க வித்திட்டினம். அதே வருசம் நெல்சன் எண்ட இங்கிலீஸ் அட்மிரலின்ர பழைய கப்பல் ஃபூட்ரோயன்ட், கொப் எண்ட ஒரு பணக்காரர் வாங்கி வச்சிருந்தவர், பிளாக்பூலில கரை தட்டி உடைஞ்சு போச்சு. அவர் விடேல்ல, உடைக்கப்போன எங்கட கப்பலை வாங்கி, அதுக்கு ஃபூட்ரோயன்ட் எண்டு பேரை மாத்தி, பெடியளுக்குக் கடல் பழக்கிற பள்ளிக்கூடமாக்கினவர். தொண்ணூறு வருசம் அளவில எங்கட ஊர்ப் பேர் இல்லாமலே இது மிதந்திருக்கு. இதோட சேந்து பள்ளிக்கூடமா நிண்ட இம்ப்ளாகபிள் எண்ட கப்பலை, ட்ரபால்கர் சண்டையில நிண்ட கப்பல், 1949ல காசில்லை எண்டு கடலுக்க கொண்டுபோய் வெடி வச்சுத் தாட்டவை. அதுக்குப் பக்கத்தில நிண்டது தப்பினது அதிஷ்டம் எண்டுதான் சொல்லவேணும். பேர் மாத்தின கதையைக் கேக்க எனக்கு வல்வெட்டித்துறை அன்னபூரணிதான் ஞாபகம் வந்தது, அமெரிக்கன் ஒருத்தன் வாங்கி தன்ர மனுசியின்ர பேரை வச்சு 1938ல மசாசூசெட்ஸ் வரை கொண்டுபோன கப்பல். அதை ஆரும் பேணி வைக்கேல்ல.

1986ல பள்ளிக்கூடமும் முடிஞ்சுது, 1987ல ஒரு பார்ஜில தூக்கி வச்சு ஹார்ட்லிபூலுக்குக் கொண்டுவந்தவை. ஏன் இந்த ஊர்? ஒரு காலத்தில இஞ்ச எல்லா வீட்டிலயும் ஒரு கப்பல் வேலைக்காரன் இருந்திருக்கிறான், 60களில யார்டுகள் மூடினாப் பிறகு தொழில் தெரிஞ்ச கனபேர் கை கட்டிக்கொண்டு இருந்தவை. வோரியர் எண்ட இரும்புக் கப்பலை இந்த ஊராக்கள்தான் முதல்ல திருத்திக் குடுத்தவை, அது போக இது வந்தது. 1990ல இருந்து 2001 வரை பதினொரு வருசம் வேலை. 1992ல பழைய பேரைத் திருப்பி வச்சவை.

அப்ப கலப்பத்து அடிக்கிறது ஆர்? அந்த வேலையில நிண்ட கிழவர் ஒருத்தர் சும்மா பாக்க வந்திருந்தவர், மனுசி கூப்பிட்டுக் காட்டினா. டெக்கில முட்டுக்காலில இருந்து, பலகைக்கு நடுவில இருக்கிற கறுப்புக் கோட்டை கட்டை விரலால அமத்திக் காட்டினார். அந்த நேரம் எப்பிடி உளியைப் பிடிச்சு அடிச்சவர் எண்டு கையாலயே செய்து காட்டினார், உளி இல்லாமல், சுத்தியல் இல்லாமல், வாயால டொக் டொக் எண்டு சத்தம் போட்டு. ரெண்டு சின்ன அடி, ஒரு பெரிய அடி. சித்தப்பா, அது உங்கட தாளம்! பின்னேரத்தில முத்தத்தில இருந்து பஞ்சைத் திணிச்சு அடிக்கேக்க நாங்கள் பாட்டுக்குப் பதிலாக் கேட்ட தாளம். நான் ஒண்டும் சொல்லாமல் நிண்டனான். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னனான், வள்ளம் கட்டுறவர், ட்ரிங்கோமலி ஆள் எண்டு. அவர் எழும்பி, கைகுடுத்து, ஒரு கேள்விதான் கேட்டார்: அங்க என்ன பூசிறவை? சுறா எண்ணெய் எண்டன். மூக்கைச் சுழிச்சுச் சிரிச்சார்.

விக்டரி 1922ல இருந்து தண்ணி இல்லாத டொக்கில நிக்குது, இது இப்பவும் மிதக்குது, மிதக்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குள்ள இதுதான் மூத்தது. ஆக்கள் நடக்கேக்க மெல்லமா ஆடும். நீங்கள் வந்தா அந்த ஆட்டத்தைத்தான் முதல்ல கவனிப்பீங்கள்.

போக வெளிக்கிடேக்க அந்த மனுசி கேட்டவ, பதினைஞ்சு வருசமா நான் இந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு நிக்கிறன், உங்கட ஆக்கள் உண்மையில எப்பிடிச் சொல்லுவினம் எண்டு. சொல்லிக் குடுத்தனான். 'திருகோண' வரை வந்துது, 'மலை'யில நாக்குத் தடக்கிட்டுது. நான் லண்டன் தமிழ் கதைச்சுக் கெட்டுப்போன ஆள், என்ர வாயால கேட்டுப் பழகவேண்டாம். அடுத்த மாசம் திரும்பப் போறன். அதுக்கு முதல் உங்கட குரலில ஒருக்கா, ஆறுதலா, வொய்ஸ் மெசேஜில சொல்லி அனுப்புங்கோ. அந்த டொக் டொக்கையும் சேத்து அனுப்பினா இன்னும் நல்லம், கிழவருக்கும் போட்டுக் காட்டலாம்.

சித்திக்கும் கேட்டதாச் சொல்லுங்கோ.

அன்புடன்,
உங்கட பெறாமகன்