தேவாரத்துக்குச் சந்தா வேண்டாம், உபயம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொற்பொழிவு, பாட்டு வகுப்புக் காணொளிகளைச் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் திறந்துவிட்டு நிதி திரட்டலாமா என்று சமய அமைப்புகளில் இப்போது பேச்சு அடிபடுகிறது. நான் தொண்டு செய்யும் கோயிலிலும் போன மாதம் இது வந்தது. மாதம் 8 சிங்கப்பூர் வெள்ளி என்றார்கள்.

பணத்தேவை எனக்கும் தெரியும். மின்கட்டணம், துப்புரவு, ஓதுவார் சம்பளம் எதுவும் காத்திருப்பதில்லை. மாதாமாதம் ஒரு தொகை உறுதியாக வந்தால் நல்லதுதான். அர்ச்சனைச் சீட்டுக்குக் காசு வாங்குகிறோமே என்றும் கேட்டார்கள். சரி, ஆனால் சீட்டு வாங்காதவரும் அதே சன்னிதியில் நின்று அதே தீபாராதனையைக் கும்பிடலாம். சந்தா கட்டாதவருக்குக் கதவே சாத்தியிருக்கும்.

2020 ஏப்ரலில் கோயில்கள் மூடப்பட்டபோதுதான் எங்கள் தேவார வகுப்பைப் பதிவுசெய்து போட ஆரம்பித்தோம். அப்போது தங்குவிடுதிக்குள் அடைபட்டிருந்த வெளிநாட்டு ஊழியர் ஒருவர் இன்றுவரை அந்தப் பதிவுகளைக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால், கீறல் விழுந்த கைப்பேசியைக் காதருகே பிடித்து ஒரு வரியை ஓடவிட்டு, “அக்கா, இந்த இடத்துல இழுத்துப் பாடுறீங்களே, இன்னொரு தடவை பாடுங்க” என்பார். அவர் ஊருக்கு அனுப்பும் பணத்திலிருந்து 8 வெள்ளியை எடுக்க எனக்கு மனம் வராது.

கணக்கும் அவ்வளவு இனிப்பாக இல்லை. யூடியூப் உறுப்பினர் சந்தாவில் 30 விழுக்காடு யூடியூப்புக்கே போகும். 200 பேர் சேர்ந்தால் 1,600 வெள்ளி. கைக்கு வருவது 1,120. அப்புறம், கைம்மாறு கருதாமல் தரும் நன்கொடைக்கு ஜிஎஸ்டி இல்லை. சந்தா என்பது காணொளிக்கு வாங்கும் விலை. ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்த அமைப்பு அதற்கு 9 விழுக்காடு வரி கட்ட வேண்டியிருக்கும்.

நேரில் நடக்கும் மிருதங்க வகுப்புக்குக் கட்டணம் வாங்கட்டும். அங்கே ஓர் ஆசிரியர் தம் நேரத்தைத் தருகிறார். பதிவோ ஆயிரம் பேர் கேட்டாலும் தேயாது.

நம்மிடம் உபயம் என்ற பழக்கம் இருக்கிறதே! அன்னதானச் செலவை ஒருவர் ஏற்றுக்கொள்கிறார். பந்தியில் உட்காருபவரிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. பதிவுகளுக்கும் அப்படியே செய்யலாம். 5 வெள்ளியோ 50 வெள்ளியோ, முடிந்தவர்கள் மாதாமாதம் ஜைரோவில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி, செலுத்தட்டும். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். எல்லாரும் கேட்கட்டும்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். முதல் உபயமாக என் பேரில் மாதம் 20 வெள்ளி எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

கோயில் தொண்டர் ஒருவர்,
அங் மோ கியோ