தனியறை இல்லாதவர்களின் உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தன்பாலீர்ப்பாளர் உரிமை குறித்து நம் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் தன்பால் உறவு குற்றமில்லை என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலிருந்தே தொடங்குகின்றன. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தெருவில் இறங்கியவர்களையும், அவர்கள் முன்வைத்த அரசியலையும் யாரும் நினைவுகூராதது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

1992இல் தில்லி கன்னாட் பிளேஸ் பூங்காவில் இருந்த ஆண்கள் சிலரைப் போலீஸார் பிடித்துச் சென்றபோது, 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்' (எய்ட்ஸ் பாகுபாடு எதிர்ப்பு இயக்கம்) என்ற சிறிய அமைப்பினர் காவல்துறைத் தலைமையகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். தன்பாலீர்ப்பாளருக்காகக் குரல் கொடுத்த அவர்கள், பாலியல் தொழிலாளர்களுக்காகவும், இரத்தம் விற்றுப் பிழைத்தவர்களுக்காகவும் அதே உறுதியோடு பேசினார்கள். திகார் சிறைக் கைதிகளுக்கு ஆணுறை மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை நீக்கக் கோரி 1994இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியவர்களும் அவர்களே. அந்த வழக்கு வெற்றி பெறவில்லை. ஆனால் பூங்காவிலும் சிறையிலும் இருந்தவர்களிடமிருந்து தொடங்கிய அந்தப் பார்வை சரியானது என்றே கருதுகிறேன்.

2009இல் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சமத்துவத்தையும் கண்ணியத்தையும் அழுத்தமாகப் பேசினாலும், வயதுவந்தோர் மனமொத்துத் தனியிடத்தில் நடந்துகொள்வதற்கே பாதுகாப்பு அளித்தது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து ஓரளவு நீக்கி பிரிட்டன் 1967இல் இயற்றிய சட்டம் இன்னும் குறுகலானது. மூன்றாவது ஆள் உடனிருந்தாலே அது தனியிடம் ஆகாது என்றும், வணிகக் கப்பல் பணியாளர்கள் தங்களுக்குள் கப்பலில் உறவுகொள்வது குற்றமாகவே நீடிக்கும் என்றும் அது வகுத்தது. கடலோடிகள் வாழும் ஊரிலிருந்து இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் எத்தனை வீடுகளில் தனியறை இருக்கிறது? ஒரே அறையில் பெற்றோரும் தங்கையும் படுத்திருக்க, திண்ணை முழுவதும் வலை குவிந்திருக்கும் வீட்டுப் பையன், தனக்குப் பிரியமானவனோடு மனம்விட்டுப் பேச, கரையேற்றிய நாட்டுப்படகின் மறைவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கே டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்து, "இந்நேரத்துல இங்க என்னடா வேலை? அப்பா போன் நம்பரச் சொல்லு" என்ற அதட்டல் கேட்டால், குற்றமில்லை என்ற தீர்ப்பு இருந்தும் அவன் நடுங்கிப் போகிறான். வழக்கைவிட, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சமே அவனுக்குப் பெரிது.

சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது எனத் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. அந்த விதியைத் தங்கள் இராமநாதபுரம் பதிப்பில் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடலோரக் காவல் நிலையங்களில் இரவு ரோந்து செல்வோருக்கு அதை வாசித்துக்காட்ட மாவட்டக் காவல் நிர்வாகமும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மண்டபம்