என் கணக்கு எண்ணைக் கேட்ட மகனுக்கு

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஓசூர் சிப்காட்டில் வேலை உறுதியாகிவிட்டது என்று இன்று காலை நீ சொன்னதுமே அப்பா எழுந்து போய் சுவாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். பேச்சு முடியும் வேளையில், "சம்பளத்துக்குக் கணக்கு எண் கேட்கிறார்கள், உன்னுடையதைக் கொடுத்துவிடட்டுமா அம்மா, எனக்கு இனிமேல் எந்த வங்கியும் கணக்குத் தராது" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாயே, அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதி கோபமாகக் கேட்கும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

என் கணக்கு எண்ணைத் தர மாட்டேன், தம்பி. உன் உழைப்புக்கான சம்பளம் என் ஓய்வூதியக் கணக்கில் வந்து விழுந்தால் அது யாருடைய வருமானம் என்ற கேள்வி என்றைக்காவது எழும். உன் பிஎஃப் பணத்தை நீ எடுக்க வேண்டிய நாளில் அது உன் பெயரில் உள்ள, யுஏஎன் என்ற உன் பிஎஃப் எண்ணுடன் இணைத்த கணக்குக்குத்தான் வரும். இவையெல்லாம் நல்ல காரணங்கள். ஆனாலும் நான் மறுப்பதற்கு முதற்காரணம், எந்த வங்கியும் தராது என்று நீ நம்பிக்கொண்டிருப்பது உண்மையல்ல என்பதுதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், கேள்.

கடன் வேறு, கணக்கு வேறு. பழைய கடனில் தவணை தவறியதால் நீ பயப்படுகிற சிபில் மதிப்பெண், 300 முதல் 900 வரை போகும் அந்த எண், நீ வாங்கிய கடனையும் கடன் அட்டையையும் எப்படித் திருப்பிக் கட்டினாய் என்பதை மட்டுமே சொல்வது. உனக்குப் பணம் கொடுக்கப் போகிறவன் அதைப் பார்ப்பது நியாயம். சேமிப்புக் கணக்கில் பணம் கொடுப்பவன் நீ, வாங்கிக்கொள்வது வங்கி. சட்டத்தின் கண்ணில் அந்த உறவில் வங்கிதான் உனக்குக் கடன்பட்டது. மதிப்பெண் குறைந்தவருக்குச் சேமிப்புக் கணக்குக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி எதுவும் இல்லை. நீ யார், எங்கே இருக்கிறாய் என்று வங்கி உறுதிசெய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை வங்கிக்குள் இருந்தவர்களே மறந்தது உண்டு. 1996-ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன், ஒரு பூக்காரம்மா என் கவுன்டருக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளாக இருநூறு ரூபாயை எண்ணி வைத்தார்கள். கணக்குத் தொடங்க வேண்டும் என்றார்கள். அப்போதெல்லாம் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாவின் கணவர் வாங்கிய கறவை மாட்டுக் கடன் நிலுவையில் இருந்ததால் யாரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. உள்ளேயிருந்து ஒருவர், "அந்தக் கடனைக் கட்டச் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார். நானும் அதையே அந்த அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன். அவர்கள் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் முடிந்துகொண்டு போனார்கள். கணவர் வாங்கிய மாட்டுக் கடனுக்கும் மனைவி கொண்டுவந்த பூக்காசுக்கும் என்ன தொடர்பு என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்று காலை உன் குரலைக் கேட்டபோது அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது அறிமுகக் கையெழுத்து இல்லை. எளியவர்களுக்கென்று ரிசர்வ் வங்கி 2005-இல் ஒரு கணக்கைக் கொண்டுவரச் சொல்லி, 2012 ஆகஸ்டில் அதையே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று மாற்றி, எல்லா வங்கிகளும் எல்லோருக்கும் அதைத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கவுன்டரில் ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் என்பார்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், ஏடிஎம் அட்டைக்குக் கட்டணம் இல்லை, மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அந்த வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நிபந்தனை. உனக்கு இதுதான் பொருத்தம். ஏன் என்பதை உன் பழைய பாஸ்புக்கே சொல்கிறது.

பீரோவிலிருந்து அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ சென்னையில் டிராவல்ஸ் அலுவலகத்தில் இருந்தபோது அது சம்பளக் கணக்கு, இருப்பு வைக்க வேண்டியதில்லை. 2020-இல் ஊரடங்கில் அலுவலகம் மூடிச் சம்பளம் நின்றதும், சில மாதங்களில் அது சாதாரணக் கணக்காக மாறிவிட்டது. பெரும்பாலான வங்கிகளில் நடைமுறை அதுதான், ஆனால் உனக்கு அது தெரிந்திருக்கவில்லை. தவணைகளுக்கு ஆகஸ்ட் வரை கிடைத்த ஒத்திவைப்பு முடிந்து, செப்டம்பரில் தனிநபர் கடனின் தவணை வந்து கதவைத் தட்டியது. இருப்பு இல்லாமல் அது திரும்பிய ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 590. மங்கலான ஊதா எழுத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக அந்த 590 நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன், பதினொரு வரிகள், 6,490 ரூபாய். 2021 தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொள் என்று நான் போட்ட 2,000 ரூபாய்க்கு அடுத்த வரியிலேயே மூன்று 590, மிச்சம் 230. நீ துணி எடுக்கவில்லை என்று அப்போது உன்மேல் வருத்தப்பட்டேன். சொல்லியிருக்கலாமே தம்பி.

ஆகவே முதல் வேலை, அந்தப் பழைய கணக்கை முறையாக முடிப்பது. தலைமறைவாக இருப்பவன்போல் அந்தக் கிளையைச் சுற்றிக்கொண்டு போகாதே. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய், தொடக்கத்திலிருந்து இன்றுவரை கணக்கு அறிக்கை கேட்டு வாங்கு. நிலுவை என்று ஒரு தொகையைச் சொன்னால், அதில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம் எவ்வளவு, தவணை திரும்பியதற்கான கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல். இருப்புக் குறைவு அபராதத்தால் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீயாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாததால் செயல்படாத கணக்காகியிருக்கும். அப்படிப்பட்ட கணக்குக்கு 2024 ஏப்ரல் முதல் அந்த அபராதமே போடக்கூடாது, மறுபடி உயிர்ப்பிக்கவும் கட்டணம் வாங்கக்கூடாது. இந்த வகைத் தொகையை நீக்கச் சொல்லி எழுதிக் கொடு. தவணை திரும்பிய கட்டணத்தில் பாக்கி இருந்தால் அது நாம் கட்ட வேண்டியது. கட்டிவிடு, நான் தருகிறேன். கணக்கை முடித்ததற்குக் கிளை முத்திரையுடன் கடிதம் வாங்காமல் வெளியே வராதே.

புதுக் கணக்கை அந்த வங்கியில் தொடங்காதே. தனக்கு வர வேண்டிய பாக்கியை வாடிக்கையாளரின் வேறு கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து ஈடுசெய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. முதல் மாதச் சம்பளம் வந்த அன்றே பழைய கடன் அட்டைக்கென்று அதில் கை வைத்தால், அறை வாடகைக்கு நீ திண்டாடுவாய். அட்டைப் பாக்கி செட்டில்மென்ட் ஆனதுதான் என்றாலும் எனக்கு அதில் முழு நிம்மதி இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். ஓசூரில் உன் அறைக்குப் பக்கத்தில், வேறு ஒரு பொதுத்துறை வங்கியின் கிளைக்குப் போ. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி இருக்காது.

ஆதார், பான் அட்டை இரண்டின் அசலையும் கொண்டு போ. ரேஷன் கார்டைக் கொண்டுபோய் நீட்டாதே, அது இப்போது கணக்குத் தொடங்குவதற்கான அடையாள ஆவணங்களில் இல்லை. ஆதாரில் நம் கும்பகோணம் முகவரிதான் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். விரல் ரேகை வைத்து ஆதார் வழியாகச் சரிபார்க்கும்போது, இப்போது தங்கியிருக்கும் முகவரியை நீயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். சாதாரணக் கணக்காகத் தொடங்கிக்கொள்ளுங்கள், இந்தக் காப்பீட்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்ப்பார்கள். இலக்கு வைத்து அவர்களை வேலை வாங்குகிறார்கள், அவர்கள்மேல் கோபப்படாதே. அடிப்படைச் சேமிப்புக் கணக்குத்தான் வேண்டும் என்று அதன் பெயரைச் சொல்லியே கேள். முன்பு வேறு வங்கியில் கணக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது, முடித்துவிட்டேன் என்று அந்தக் கடிதத்தைக் காட்டு. மறைக்காதே, மறைக்க வேண்டிய குற்றம் எதையும் நீ செய்யவில்லை.

முடியாது என்றால் வாக்குவாதம் செய்யாமல், காரணத்தை எழுத்தில் தரும்படி கேள். பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்திலேயே கிளை மேலாளரின் அறைக் கதவு திறந்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்காவிட்டால் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடு. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது. இடையில் சம்பள நாள் வந்துவிடுமே என்றால் அஞ்சலகத்துக்குப் போ. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்கும் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், சம்பளம் அதில் வரலாம். நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்பது உனக்கு இப்போதைக்கு ஒரு தடையே அல்ல. பேமென்ட்ஸ் வங்கிகள் கடன் கொடுக்க அனுமதி இல்லாதவை, ஆதலால் உன் பழைய கடன் கதை அங்கே பேச்சுக்கே வராது.

இனி அந்தக் கடன் அட்டை. தனிநபர் கடனை 2023-இல் அப்பாவின் வைப்புத் தொகையை உடைத்து முழுவதும் அடைத்தோம். அட்டைக்கு மட்டும் ஒரு தொகையைப் பேசி முடித்தாய். பாக்கி தீர்ந்தது என்று நீ நினைத்தாய், அவர்கள் ஏட்டில் அது "செட்டில்டு" என்று இருக்கும். முழுவதும் கட்டி "குளோஸ்டு" என்று ஆவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம்: வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தோம் என்று வங்கி எழுதி வைத்த எழுத்து அது. கணக்குத் தொடங்க இது தடையல்ல. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்பது இதுதான். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்துப் பார். நாம் அடைத்த தனிநபர் கடன் இன்னும் நிலுவை என்று அதில் காட்டினால் உடனே ஆட்சேபம் பதிவு செய். முப்பது நாளைக்குள் தீர்க்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. அட்டையில் விட்டுக்கொடுத்த மீதியை வேலையில் ஓராண்டு நிலைத்த பிறகு கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளலாம். இப்போது அதற்கு அவசரமில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். புதுக் கணக்குத் தொடங்கியவர்களைத் தேடி வந்து, உன் கணக்கில் ஒரு தொகை வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன் தருகிறேன் என்பவர்கள் தொழிற்பேட்டைகளில் உண்டு. அறை நண்பனே கேட்டாலும் அட்டையையோ ஓடிபி எண்ணையோ கொடுக்காதே. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியே போனால் காவல்துறை முடக்குவது உன் கணக்கை. தவணை கட்டாத கறையை நாம் கட்டித் துடைத்துவிடலாம். அந்த வழக்கிலிருந்து உன்னை மீட்க எனக்கு வழி தெரியாது.

புதுக் கணக்கில் முதல் ஆறு மாதம் எந்தத் தவணைக்கும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுக்காதே, கைப்பேசி தவணையில் கிடைக்கிறது என்று எவ்வளவு சொன்னாலும் சரி. நியமனதாரர் பகுதியை வெறுமையாக விடாதே. உனக்குத் திருமணம் ஆகும்வரை அப்பா பெயரை எழுது.

பழைய பாஸ்புக்கை இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன், கணக்கு அறிக்கையுடன் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்க உனக்கு வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டும் உறையில் இருக்கின்றன, போன பொங்கலுக்கு எடுத்தவை. நாளைக் காலை விரைவு அஞ்சலில் சேர்த்துவிடுவேன். கணக்கு எண் கிடைத்த அன்றே எனக்கு அனுப்பு. கம்பெனியின் சம்பளம் வருவதற்கு முன்னால் அதில் முதல் வரவாக என் ஓய்வூதியத்திலிருந்து 230 ரூபாய் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அந்தத் தீபாவளியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதிக்கொள்.

அன்புடன்,
அம்மா