மின்னூலுக்கும் சட்டம் தேவை

ஐயா,

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் அச்சு நூல் ஒவ்வொன்றும் 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு பிரதி உண்டு. மின்னூலுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டன் 2013லேயே மின்னூலுக்கும் விதி வகுத்து, தன் நாட்டு இணையதளங்களையும் சேகரிக்கிறது. இங்கே ஓர் இணையச் சிற்றிதழ் டொமைன் (இணைய முகவரி) கட்டணம் கட்டத் தவறினால், அதன் தளம் மறைந்து, அதைச் சுட்டிய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் அத்தனையும் பயனற்றுப் போகின்றன.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் மட்டும் போதாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களை படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பல நேரம் தவறாகப் படிக்கிறது. அப்படித் தவறாகப் பதிவான சொல் தேடலில் சிக்காது. மெய்ப்பு பார்த்த உரையைப் படத்தோடு சேர்த்துத் தர நிதி ஒதுக்குங்கள்.

நூலகப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி