அம்மா போன் செய்தால் சரி என்று சொல்லிவிடாதே

செந்தூல், கோலாலம்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

உன் மூன்று வாய்ஸ் மெசேஜுக்கும் நான் பதில் போடவில்லை. கோபப்படு, தகும். மாமியாரின் முழங்கால் தேவலையா? நீலக் குடை என்னிடம் இல்லை, ஜெயாவைக் கேள்.

தம்பி மோகன் அவன் மனைவி கவிதாவை அடித்துவிட்டான். கன்னத்தில் இரண்டு அறை, தோளில் காயம். பலாய்க்கு, அதான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, போகும் முன் கவிதா எனக்குத்தான் போன் செய்தாள். "அண்ணி, ரிப்போர்ட் கொடுக்கப் போறேன்" என்றாள். "போ" என்றேன். நான் அப்படிச் சொன்னது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அன்றிரவே தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குடும்ப வன்முறை என்றால் வாரண்ட் தேவையில்லையாம், 2012-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நானே அவனுக்கு லோயர் தேடி அலைந்தேன். அவளைப் போகச் சொன்னவளும் நான்தான், இவனுக்காக ஓடியவளும் நான்தான். இரண்டும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கைதானவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். லோயரிடம் பேசும் உரிமையும் அவனுக்கு உண்டு. ரிமாண்டுக்கு ஒய்பிஜிகே என்ற தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் லோயர் ஒருவர் இலவசமாகவே வந்து நின்றார். இளம் பெண், நிதானமானவள். இரண்டு நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். வந்ததும் கூட்டாளிகள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஒத்துக்கோ, அபராதம் கட்டு, முடிஞ்சது" என்கிறார்கள். எது முடிந்தது? தண்டனைச் சட்டம் 323-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம். அடிபட்டவள் மனைவி என்பதால் 326ஏ சேர்ந்தால் சிறைக்காலம் இரட்டிப்பாகலாம். குற்றப்பதிவு வேறு நிற்கும். எதை ஒத்துக்கொள்கிறோம் என்று தெரியாமல் கோர்ட்டில் தலையாட்டக்கூடாது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவளும் தள்ளினாள், தற்காப்புக்காகத்தான்" என்றான் மோகன். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் என்று லோயர் விளக்கிவிட்டு, "ரெண்டாவது அறை எதைத் தடுக்க?" என்று கேட்டாள். அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மலர். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கட்டும், அவன் பக்கத்து உண்மையையும் கேட்கட்டும், அதற்காக நான் கூடவே நிற்பேன். பொய் சொல்ல மட்டும் நிற்க மாட்டேன். போனில் இருக்கும் எந்த மெசேஜையும் அழிக்காதே என்றும் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது எழுதுவதன் காரணம். போலீஸ் விசாரணை முடியும்வரை ஐபிஓ, அதாவது கவிதாவுக்கான இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு, போட்டிருக்கிறார்கள். கவிதாவை நெருங்கக்கூடாது, யார் மூலமாகவும் பேச்சு விடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மீறினால் அதுவே தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. அம்மா கேட்கிறாளா? "குடும்ப விஷயம், ரிப்போர்ட்டை மீட்டுக்கச் சொன்னா சரியாயிடும்" என்கிறாள். வழக்கைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யப்போவது அரசுத் தரப்பு. இவர்கள் போய்க் கவிதாவை நெருக்கினால், சாட்சியை மிரட்டியதாகத்தான் ஆகும். அதைவிட, அடி வாங்கியவளிடமே போய் நீதான் விட்டுக்கொடு என்று எந்த வாயால் கேட்பது?

கவிதா இப்போது பட்டர்வொர்த்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அம்மா உனக்குப் போன் செய்வாள், அழுவாள், நீ இளகிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். தூது போகாதே. வழியில் அவளைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேள், அது போதும். எங்களைப் பற்றி எதுவும் சொல்லாதே, அவள் சொன்னதை எனக்கும் சொல்லி அனுப்பாதே.

கவிதாவின் குட்டியுடைய பள்ளிக் காலணி இங்கேயே கிடக்கிறது. நாளைக்கு லோயரைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

உன்
சரசு